சந்தனத்துக்குள் இருந்த விரிசல்

நம் தொழிற்சங்க இதழில் பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்து, மாலை போட்டு வழியனுப்பப்பட்டவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. ஆனாலும் நான் பார்த்த வேலை முடிந்துவிட்டது. நகரும் நடைபாலங்களைச் சோதித்துப் பராமரிக்கும் பிரிவை எங்கள் காரைக்குடி நிறுவனம் மூடிவிட்டது. அந்த ஒப்பந்தங்கள் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டன. நான் இப்போது ஓர் அரிசி ஆலையில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறேன்.

அந்த வெளியூர்க் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். இப்போது சோதனை எல்லாம் போனில் நடக்கிறதாம். ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து ஏற்றினால் பச்சை டிக் விழுந்துவிடும். "ஒங்க காலத்துல எப்படிண்ணே பாப்பீக?" என்று கேட்டார்கள். என் காலம் முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. சுத்தியல் பிடிப்பது, கிரீஸ் மாற்றுவது, எந்த போல்ட்டில் சாக்பீஸ் கோடு போடுவது என்று இரண்டு மணி நேரம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் நன்றி சொல்லிக் கிளம்பிய பிறகு எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா செங்கல் சூளையில் சுமை தூக்கினார். பாலிடெக்னிக் முடித்து இந்த வேலையில் சேர்ந்ததும், "எம் மகன் கையெழுத்துப் போட்டாத்தான் பாலத்துல ஆளு நடக்க முடியும்" என்று சூளை முழுவதும் சொல்லிவிட்டு வந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வேலை அதுதான்.

நகரும் நடைபாலம் என்றால் பலர் கடல் பாலத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பார்த்தவை சின்னச் சின்னவை. மீன்பிடித் துறையில் அலையோடு ஏறி இறங்கும் சாய்பாலம். ஆலைக்குள் லாரி வந்தால் தூக்கிக்கொள்ளும் பாலம். கோயில் குளங்களில், தெப்பம் சுற்றுவதற்கு வழிவிட்டுத் திரும்பும் பாலம். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து இருக்கும். சாதாரணப் பாலம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நகரும் பாலம் நகர வேண்டிய நேரத்தில் நகர வேண்டும், நகரக் கூடாத நேரத்தில் நகரக் கூடாது. இரண்டாவதுதான் கஷ்டம்.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் செலின் மேடம். காளையார்கோவில் பக்கம், வாத்தியார்கள் நிறைந்த கிறிஸ்தவக் குடும்பம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைத் திட்டவும் மாட்டார். சோதனைப் பதிவேட்டைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, "தொட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

அந்தப் பதிவேடு அவர் வகுத்தது. மற்ற இடங்களில் 'சரி', 'சரியில்லை' என்று எழுதுவார்கள். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: தொட்டேன், பார்த்தேன், கேட்டேன். பாகத்தைச் சுத்தம் செய்து, கம்பி பிரஷ் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு, விரலால் தடவியிருந்தால் 'தொட்டேன்'. தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் 'பார்த்தேன்'. அங்கிருப்பவர் சொன்னதை நம்பியிருந்தால் 'கேட்டேன்'. எதை எழுதினாலும் குற்றமில்லை. 'பார்த்தேன்' என்று இருந்தால் அவர் இன்னொரு நாள் குறிப்பார், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் வருடம் மீன்பிடித் துறைச் சாய்பாலத்தின் கீல் பெட்டிக்கு 'பார்த்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளே மீன் செதிலும் அழுகிய கிரீஸும் நிறைந்து கிடந்தது, கையை விட மனசு வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். மறுநாள் அவரே வந்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. வா, டீ குடிப்போம்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தூரப் போய் உட்கார்ந்தார். மேடம் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார். இப்படிப்பட்டவரிடம் உண்மையை எழுதுவதற்கு எனக்கு என்ன பயம் இருந்திருக்க முடியும்?

நான் சொல்ல வந்த பாலம் காரைக்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கோயில் குளத்தில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். குளத்தின் நடுவில் கல் மண்டபம். கரையிலிருந்து மண்டபத்துக்கு இரும்பு நடைபாலம். கரைப் பக்கம் ஒரு தூணின் மேல் சுழலும். தெப்ப நாளில் கரையில் இருக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றினால் பாலம் கரையோடு ஒட்டித் திரும்பிக்கொள்ளும். தெப்பம் மண்டபத்தை மூன்று சுற்று வரும். அப்புறம் பாலத்தைத் திரும்ப மூடுவார்கள், ஊர்க்காரர்கள் மண்டபத்துக்குப் போய்ப் பிரசாதம் வாங்குவார்கள். அந்த ஊரில் பகல் தெப்பம்.

பாலத்தின் நுனியில் வார்ப்பிரும்பில் ஒரு காது. அந்தக் காதின் ஓட்டை வழியாக, மண்டபத்துக் கல்லில் பதித்த குழாய்க்குள் ஓர் இரும்புத் தாழ் இறங்கும். தாழ் தொலைந்துவிடாமல் பாலத்தின் கைப்பிடியோடு சங்கிலியில் கட்டியிருக்கும். மூடிய பாலம் இடம் வலமாக நகராமல் பிடித்துக்கொள்வது அந்தக் காதும் தாழும்தான்.

பாலத்தைத் திருப்புகிறவர் கருப்பையா அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், இருபது வருடமாக அவர்தான். நான் சுத்தியலோடு வந்தாலே, "வாங்க டாக்டரு, நாடி பாக்க வந்துட்டீகளா?" என்பார். தட்டும்போது காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆளு பொழைச்சுக்குவானா?" என்பார். சாயங்காலம் கொஞ்சம் குடிப்பார். அதை மறைத்ததும் இல்லை. "வேல நாள்ல வாயில வைக்க மாட்டேன் தம்பி, மத்த நாளு அது எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் உள்ள தகராறு" என்பார்.

தெப்பத்துக்கு முந்தின நாள் பாலத்துக்குப் பூசை உண்டு. சுழல் தூணுக்கும், கைச்சக்கரத்துக்கும், நுனியில் இருக்கும் காதுக்கும் எண்ணெய் தடவி, மஞ்சளும் சந்தனமும் அப்பி, குங்குமம் வைத்துப் பூச்சுற்றுவார்கள். அதனால் சோதனையைப் பூசைக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது மேடம் போட்ட ஒழுங்கு. அந்த வருடம் மேடம் தன் அம்மாவின் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் இருந்தார். ஆலைப் பாலத்தில் ஒரு பேரிங் மாற்றும் வேலை இழுத்துவிட்டது. நான் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கரைப் பக்கத்துத் தூணில் சந்தனம் குறைவாக இருந்தது. சுற்றி இருக்கும் போல்ட்டுகளைத் தட்டினேன், பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்தேன், கிரீஸ் போட்டேன். அப்புறம் பாலத்தில் நடந்து மண்டபத்துப் பக்கம் போனேன். காது முழுக்க மஞ்சள் சந்தனம், விரல் கனத்துக்கு. அதன் நடுவில் ரூபாய் அளவு குங்குமம், மேலே செவ்வந்திச் சரம். மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து கம்பி பிரஷை எடுத்தேன்.

எங்கள் ஊர் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்தக் குளத்துப் படியில் இறங்கியதில்லை. போர்டு மாட்டித் தடுக்கவில்லை. இறங்கியதில்லை, அவ்வளவுதான். குளத்துச் சுவர் இடிந்து கட்டியபோது அப்பா செங்கல் இறக்கியிருக்கிறார், சுவருக்கு வெளியே நின்று. நான் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று வருடமாக அந்தப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தைச் சுரண்டினால், 'தம்பி நீங்க எந்தூரு, யாரு மகன்' என்று ஒருவர் கேட்பார் என்று தோன்றியது. அப்படி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஆச்சி, "பொங்க சாப்புட்டுட்டுப் போங்க தம்பி" என்றுதான் சொன்னார்கள்.

பிரஷைப் பைக்குள் வைத்தேன். சுத்தியலால் தட்டினாலும் சந்தனம் உதிரும், அதனால் தட்டவும் இல்லை. பொங்கல் சாப்பிட்டேன். பதிவேட்டில் காதுக்கு எதிரே 'தொட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் 'பார்த்தேன்' என்று எழுதவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அப்படி எழுதினால் மேடம் காரணம் கேட்பார். காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். நான் பயந்தவன் என்று அவருக்குத் தெரிவதைவிட, பொய் சின்னதாகத் தெரிந்தது.

மறுநாள் தெப்பம் மூன்று சுற்று முடிந்தது. கருப்பையா அண்ணன் பாலத்தை மூடிவிட்டு மண்டபத்துப் பக்கம் போனார். கூட்டம் பாலத்தில் ஏறியது. தெப்பம் மண்டபத்தின் தெற்குப் பக்கம் வந்து ஒதுங்கவும், பாலத்தில் இருந்தவர்கள் எல்லாம் சாமியைப் பார்க்க ஒரே பக்கக் கைப்பிடியில் சாய்ந்தார்கள். காது உடைந்தது. பாலம் ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தது. மண்டபத்து விளிம்புக் கல் அகலமாக இருந்ததால் நுனி கீழே இறங்கவில்லை. இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள், உடனே தூக்கிவிட்டார்கள். மண்டபத்துப் பக்கம் நின்ற கருப்பையா அண்ணன் பாலத்தைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறார். கைப்பிடிக்கும் கல்தூணுக்கும் நடுவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது.

நகர்ந்த பாலம் சங்கிலியோடு தாழையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எல்லோரும் பார்த்தது, முழுசாக இருக்கும் தாழ் சங்கிலியில் தொங்குவதைத்தான். அவர் தாழ் போடவில்லை, பாலம் நகர்ந்து மோதியதில் காது உடைந்தது என்று பேச்சாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் மதுக்கடைப் பக்கம் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் குடிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அன்றைக்கே ஊர் வெல்டரை வைத்து, பாலத்தில் ஒட்டியிருந்த மிச்சக் காதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசு வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் போனேன். மண்டபத்துப் படியில், ஒரு சாண் தண்ணீருக்குள் உடைந்த துண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதி புதிதாகச் சாம்பல் நிறத்தில் மின்னியது. மீதிப் பாதி துருவேறிக் கறுத்திருந்தது. அந்தத் துருவின் மேல் மஞ்சள் எண்ணெய் இறங்கியிருந்தது. விரிசல் பல மாதமாக இருந்திருக்கிறது. பூசை எண்ணெய் அதற்குள் போயிருக்கிறது. தட்டியிருந்தால் ஓட்டைப் பானை போலச் சத்தம் கேட்டிருக்கும்.

மேடத்திடம் காட்டத்தான் அதைப் பையில் போட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மேடம் நாலாம் நாள் வந்தார். குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தார். விரலை வைத்தார்.

"தொட்டியா ராசு?"

"தொட்டேன் மேடம்."

"தட்டுனியா?"

"தட்டுனேன்."

அந்த வரியில் இன்னொரு தடவை விரலை ஓட்டினார். பதிவேட்டை மூடினார். பை என் காலுக்குக் கீழே இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோனேன், திரும்ப ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். கருப்பையா அண்ணனை வேலையிலிருந்து நீக்கிய கோயில் கமிட்டிக் கடிதத்தின் நகல் எங்களுக்கு வந்தது. அதைக் கோப்பில் வைத்ததும் நான்தான். பாலத்தைத் திருப்பாத நாளில் அவர் வேறு வேலைக்குப் போகிறவர்தான், அவருக்கு வயல் இருக்கிறது, குடிக்கிறவர்தானே, என்னை நம்பி அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். இப்படி எல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் கருப்பையா அண்ணன் ஆபீசுக்கு வந்தார். வலது கை முழுக்கக் கட்டு. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மேடம் உள்ளே இருந்து வந்தார்.

"ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன் மேடம். தம்பிகிட்டயும்தான். வருசா வருசம் வந்து நல்லபடியா பாத்துக் குடுத்தீக. என்னால ஒங்க கம்பெனிக்கும் கெட்ட பேராப் போச்சு."

"நீங்க தாழ் போட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க," என்றார் மேடம்.

"போட்டேன்னுதான் நெனச்சேன். இம்புட்டுப் பேரு போடலங்கிறாக. தாழு தொங்குனத நானே பாத்தேன். போட்டிருக்க மாட்டேன் போல." என் பக்கம் திரும்பினார். "டாக்டரு மொகம் ஏன் வாடிக் கெடக்கு? ஒங்க மேல தப்பில்லன்னு நான் எழுதித் தர்றேன் தம்பி. எடது கையில ரேகைதான் வைக்க முடியும்."

அவர் பஸ்ஸுக்குப் போனார். நான் பையைத் திறந்து அந்தத் துண்டை மேடத்தின் மேசையில் வைத்தேன். மேடம் லென்ஸை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் இறங்கிய இடத்தை நகத்தால் தொட்டார்.

"இது எத்தன நாளா ஒன்கிட்ட இருக்கு?"

"மறுநாள் காலையிலருந்து."

"நான் கேட்டப்ப எங்க இருந்துச்சு?"

"கால்கிட்ட, பையில."

இந்தத் தடவையாவது அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் விரலால் அழுத்திக்கொண்டார். "நீ பொய் சொல்றேன்னு அன்னைக்கே தோணுச்சு. கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு," என்றார். அதற்குப் பதிலாக நான் அடி வாங்கியிருக்கலாம். "கமிட்டிக்கு நானும் வர்றேன். அவர் வீட்டுக்கு நீ மட்டும் போ."

மறுநாள் கமிட்டியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். துண்டு கை மாறிச் சுற்றி வந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"சந்தனத்தத் தொடைக்கக் கூடாதுன்னு ஒங்ககிட்ட யாரும் சொன்னாகளா?"

"இல்லங்கய்யா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா பூசாரியவே வழிச்சு விடச் சொல்லியிருப்பேனே. திரும்ப வைக்க எம்புட்டு நேரமாகும்?"

அவர் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. நான்தான் கேட்கவில்லையே.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "நீங்க எந்தூரு தம்பி?" என்றார்.

ஊரையும் தெருவையும் சொன்னேன். அவர் "ம்" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார். பேச்சு நீக்கல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதைப் பற்றிப் போய்விட்டது. நான் ஒரு ஆளின் வலது கையைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்ட கேள்வி அவ்வளவுதான்.

கருப்பையா அண்ணன் வீட்டுக்குப் போனபோது மத்தியானம். அவர் மனைவி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அண்ணன் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். நான் உட்காராமல் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது என்னைப் பற்றி அல்ல.

"அப்ப நான் தாழு போட்டேனா?"

"போட்டீகண்ணே."

"முழுசா எறக்கினேனா?"

"முழுசா எறக்கியிருந்தீக. அதனாலதான் காது உடைஞ்சிச்சு. தாழ் போடலன்னா பாலம் சும்மா நகந்திருக்கும், காது உடையாது."

அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். "கண்ண மூடுனா தாழு கையிலயே இருக்கு தம்பி. போடப் போறேன், போடப் போறேன். போட்ட மாதிரி வரவே மாட்டேங்குது. நானும் சரி, நம்மதான் மறந்திட்டோம்னு..." பாதியில் நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். "கேட்டியா?"

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். தெப்ப நாளிலிருந்து அவர் அண்ணனோடு பேசவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்து, "இம்புட்டு நாளு எங்கப்பா இருந்த?" என்றார். வரும்போது சொன்ன 'வாங்க' அதில் இல்லை.

அண்ணன் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க" என்றார்.

"எங்கண்ணே?"

"தெருவுக்கு. நீங்க சொல்லணும். நான் சொன்னா, குடிச்சிட்டு ஒளர்றான்பாக."

பக்கத்து வீட்டில் ஆரம்பித்தோம். அவர் கதவைத் தட்டுவார். ஆள் வந்ததும் ஒதுங்கி நின்று, "சொல்லுங்க தம்பி" என்பார். முதல் வீட்டில் வார்ப்பிரும்பு, பழைய விரிசல், அழுத்தம் என்று விளக்க ஆரம்பித்தேன். அண்ணன் குறுக்கிட்டார். "அப்படிச் சொன்னா புரியாது. தொடைக்கலன்னு சொல்லுங்க."

அடுத்த வீட்டிலிருந்து மூன்றே வாக்கியம்தான். நான் துடைத்துப் பார்க்கவில்லை. துடைத்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் தாழ் போட்டிருந்தார்.

சிலர் "சரி விடுங்க" என்றார்கள். ஒரு பெண் அழுதார். தண்ணீரில் விழுந்தவர்களில் அவர் மகளும் ஒருத்தி. ஒரு பெரியவர் பல்லுக்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே, "பாலத்தச் சோதிக்க ஒனக்குச் சம்பளமா, குங்குமப் பொட்டக் கும்பிடச் சம்பளமா?" என்று கேட்டார். அண்ணன் சிரிக்கவும் இல்லை, எனக்காகப் பரிந்து பேசவும் இல்லை. அடுத்த வீட்டுக் கதவை இடது கையால் தட்டினார். கடையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னவரின் வீடும் அதில் இருந்தது. அங்கே மட்டும் என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

தெரு முடியும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன் பூட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவுக மருதைக்குப் போயிருக்காக. ஞாயித்துக்கெழம வந்துருவாக."

"நீங்க சொல்லிருங்களேண்ணே," என்றேன்.

"ஞாயித்துக்கெழம வாங்க," என்றார்.

போனேன்.